குருகை எப்படிப் பெயர்ப்பது: குறுந்தொகைப் பாடலை இன்றைய தமிழில் எழுதும் முறை

குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் உள்ளன. பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடுவதால், சங்கக் காதல் பாடல்களை எளிய தமிழில் எழுதிப் பார்க்க விரும்புவோர் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. முதல் பாடலாக ‘யாயும் ஞாயும்’ வேண்டாம். திருமண அழைப்பிதழ்கள் எல்லாம் அதை அச்சிட்டு, செவக்காட்டு மழைத்தண்ணீரை நம் கண்ணில் படாமலே செய்துவிட்டன. கபிலர் பாடிய 25ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

முதலில் யார் யாரிடம் பேசுகிறார் என்பதைத் தாளின் தலையில் எழுதிவையுங்கள். தலைவன் திருமணத்தைத் தள்ளிப்போடுகிறான். தலைவி தன் தோழியிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். இதைத் தெரிந்துகொள்ளாமல் சொற்களுக்கு மட்டும் பொருள் எழுதினால், பெண்ணின் குரல் போய் அறிக்கையின் குரல் வந்துவிடும்.

அடுத்து, அருஞ்சொற்களைவிட, தெரிந்ததுபோல் தோன்றும் சொற்களிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். ‘ஞான்று’ தெரியாவிட்டால் அகராதியைத் திறப்போம்; ‘மணந்த’ என்பதற்குத் திறக்கமாட்டோம். ஆனால் இங்கே அது கூடிய பொழுதைக் குறிக்கிறது. ‘திருமணம் செய்த அன்று’ என்று எழுதினால், இன்னும் மணம் செய்யாத ஒருவனைப் பற்றிய பாடலே கவிழ்ந்துவிடும். 167ஆம் பாடலில் வரும் ‘கலிங்கம்’ நாடு அன்று, உடுத்தும் ஆடை. அதே பாடலின் ‘மகிழ்ந்தன்று’ எதிர்மறை போல ஒலித்தாலும் ‘மகிழ்ந்தது’ என்றே பொருள்படும். இந்தக் கடைசிச் சொல்லில் நானே ஒருமுறை வழுக்கி, கணவன் பாராட்டியும் மகிழாத மனைவி ஒருத்தியை உருவாக்கிவிட்டேன்.

அதன்பின் பாடலில் வரும் பொருள்களுக்கு வாருங்கள். குருகு என்பது கொக்கு போன்ற நீர்ப்பறவை. திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கால்வாய் ஓரத்து வயல் மடையில் அசையாமல் நிற்கும் குளத்துக் கொக்கை ஒரு காலை நேரத்தில் பத்து நிமிடம் பாருங்கள். அதன் கால் மெலிந்து, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் இருக்கும். ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால’ என்ற அடிக்கு இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கொக்குக்கு மடையான் என்று பெயர் உண்டு என்பதால், என் முதல் படியில் ‘மடையானும் இருந்தது’ என்றே எழுதினேன். எங்கள் ஊர் நூலகத்தில் வாசித்தபோது கேட்டவர்களில் பாதிப்பேர் அதை ‘மடையனும்’ என்று கேட்டுச் சிரித்துவிட்டார்கள். தலைவனையே அவள் அப்படித் திட்டுவதாக நினைத்தார்களாம். மறுநாள் ‘கொக்கு’ என்று மாற்றினேன். ஆரலை மாற்றத் தேவையில்லை. ஆற்றுமீன் வாங்குகிறவர்களுக்கு அது இன்றும் ஆரல்தான்.

‘கள்வன்’ என்பதற்குத் ‘திருடன்’ என்று போட்டால் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது. ‘களவாணி’ என்றால் திட்டும் செல்லமும் ஒன்றாக வரும். ஊரறியாக் காதலுக்குப் பழைய இலக்கணம் வைத்த ‘களவு’ என்ற பெயரும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஆகவே அதை வைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விடக் கவனமாகக் காக்க வேண்டியது ‘குருகும்’ என்பதிலுள்ள உம்மையை. யாரும் இல்லை என்று தொடங்கியவள், சற்று யோசித்து, ஒரு குருகும் இருந்தது என்கிறாள். சாட்சி இல்லாத தவிப்பு முழுவதும் அந்த ஓர் எழுத்தளவில் நிற்கிறது. வரிகளின் வரிசையை மாற்றிக் குருகை முன்னே கொண்டுவந்தால் அந்த யோசனை கெட்டுவிடும். என் இப்போதைய படி இது:

வேறு யாரும் இல்லை, அந்தக் களவாணி மட்டும்தான்.
அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?
தினைத்தாள் போல் மெலிந்த பச்சைக் காலோடு
ஓடும் தண்ணீரில் ஆரலைப் பார்த்து நின்ற
ஒரு கொக்கும் இருந்தது, அவன் என்னைச் சேர்ந்த அன்று.

கொக்கு மீனிலேயே கண்ணாக இருந்தது, ஆகவே அது சாட்சி ஆகாது என்று ஆறாவது வரி எழுத உங்களுக்குக் கை துறுதுறுக்கும், எழுதாதீர்கள். நூலகத்தில் இந்தப் படியை வாசித்தபோது ஒரு பாட்டி, “அது மீனையில்லா பாத்துக்கிட்டு நின்னுருக்கும், அது எப்படிச் சாட்சி சொல்லும்?” என்று தானாகவே கேட்டார்.

உணர்ச்சியின் அளவையும் கூட்டக் கூடாது. கூடலூர் கிழாரின் 167ஆம் பாடலில், தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையைக்கூட மாற்றாமல், தாளித்த புகை கண்ணில் ஏற, அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று உண்கிறான். அவள் முகம் ‘நுண்ணிதின்’ மகிழ்கிறது. இதை ‘அவள் முகம் மகிழ்ச்சியில் பூரித்தது’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். லேசாக மலர்ந்தது என்றாலே போதும். அந்தப் பாடலில் வரும் ‘குய்’ என்பது தாளிப்பு என்று மட்டும் சொல்லிவிடுங்கள், மீதியைச் சமையலறை தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உரை தேவைப்படும் இடங்களில் 1937இல் உ.வே.சாமிநாதையர் வெளியிட்ட பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் உரக்கப் படியுங்கள். வட்டத்தொட்டி என்ற தம் இலக்கியக் கூட்டத்தில் கவிதையைக் குரலால் விளங்கவைத்த ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த நாட்டில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிறருக்குக் கொடுக்கும்போது மேலே ஒரே வரியில் யார் யாரிடம் சொன்னது என்பதையும், அதன் கீழ் மூலத்தையும், கடைசியில் உங்கள் படியையும் வையுங்கள். மூலத்தின் எழுத்து உங்களுடையதைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும்.