உதிர்ந்த மாங்காயைப் புதைக்காதீர்கள், பையில் கட்டுங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கத் தோப்புகளில் பழ ஈ குத்தி உதிரும் பெங்களூரா ரக மாங்காய்களை இரண்டு நாளுக்கு ஒருமுறை பொறுக்கி, ஓட்டையில்லாத கெட்டியான பிளாஸ்டிக் பையில் முக்கால்வாசி நிரப்பி, வாயை இறுகக் கட்டி வெயிலில் ஒரு வாரம் போட்டுவிடுங்கள். பிறகு எருக்குழியில் கொட்டலாம்.

பழ ஈ தோலுக்கு அடியில் முட்டையிடும். புழு சதையைத் தின்று வளர்ந்ததும் வெளியே வரும். உடலை வளையமாக மடக்கி, பட்டென்று விடுவித்துத் துள்ளித் துள்ளி நகர்ந்து, சில சென்டிமீட்டர் ஆழ மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழு ஆகிவிடும். அதனால்தான் காயைக் குழியில் போட்டு மேலாக மண் தள்ளுவது அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பதுபோல. புதைத்தே ஆகவேண்டுமென்றால் இரண்டு அடியாவது ஆழம் வேண்டும். கட்டிய பைக்குள் புழுவுக்கு மண்ணும் கிடைக்காது, சூட்டுக்கும் தப்பாது.

மழை மூட்டமான வாரத்தில் பை சூடேறாது. கட்டை அவிழ்க்காமல் கூடுதல் நாள் விடுங்கள். பக்கத்துத் தோப்பில் உதிர்காய் அப்படியே கிடந்தால் ஈ அங்கிருந்து வரும், மெத்தில் யூஜினால் என்ற, ஈயை ஈர்க்கும் வாசனைப் பொருள் வைத்த பொறியும் வைக்கவேண்டும். அதில் ஆண் ஈ மட்டுமே விழும். கொட்டைக்குள் இருக்கும் வண்டுக்கு இந்த முறை போதாது: அது பெரும்பாலும் உதிராத காயோடு சந்தைக்கே போய்விடும்.