வியட்நாம் ஃபின் ஃபில்டர்: வாங்கும்போதும் காபி இறக்கும்போதும் நேரும் தவறுகள்

கிளாஸின்மேல் வைத்துக் காபியைச் சொட்டவிடும் சிறிய வியட்நாமிய உலோக ஃபில்டர்தான் ஃபின். அதில் காபி சரியாக இறங்குகிறதா என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். வெந்நீர் ஊற்றியதிலிருந்து கடைசிச் சொட்டு விழும்வரை நாலைந்து நிமிடம் ஆக வேண்டும். இரண்டே நிமிடத்தில் ஒழுகிவிட்டால் காபி வெறும் தண்ணீராக இருக்கும். பத்து நிமிடம் இழுத்தால் கசப்பேறி, ஆறியும் போயிருக்கும். வெளிநாட்டில் இருந்துகொண்டு முதன்முதலாக ஃபின் வாங்குகிற பலருக்கும் இந்த இரண்டில் ஒன்று நடக்கிறது. ஃபில்டர் மட்டம் என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு பொடியிலோ அமுக்கும் விதத்திலோதான் இருக்கும்.

இதில் இருப்பது நாலே பாகம். கிளாஸின் வாய்மேல் உட்காரும் துளைத்தட்டு, பொடி போடும் குவளை, பொடிமேல் வைக்கும் அமுக்குத்தட்டு, மூடி. பல ஃபில்டர்களில் முதல் இரண்டும் ஒன்றாகவே பொருத்தப்பட்டிருக்கும். பார்வைக்கு நம் வீட்டு டிகாக்‌ஷன் ஃபில்டரின் மேல்பாதி மாதிரியே இருப்பதால், அதே பொடியை, அதே அளவில், அதே அழுத்தத்தில் போட்டுவிடத் தோன்றும். நம் ஃபில்டர் அரை மணி நேரம் நின்று நிதானமாக இறங்குவதற்காகச் செய்தது. ஃபின் ஐந்து நிமிடத்தில் நேராகக் குடிக்கிற கிளாஸில் இறங்க வேண்டியது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததால்தான் பாதிப் பிரச்சினை.

வாங்கும்போது

சூப்பர் மார்க்கெட்டின் காபி வரிசையில் தேடினால் கிடைக்காது. வியட்நாமியர் நடத்தும் மளிகைக் கடைக்குப் போய், கிண்ணமும் சாப்ஸ்டிக்கும் அடுக்கியிருக்கிற பாத்திரப் பகுதியில் பாருங்கள். பெர்லினில் டோங் சுவான் சென்டர், பிராகில் சாபா சந்தை, சிட்னியில் காப்ரமட்டா, கலிபோர்னியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆகியவை வியட்நாமியக் கடைகள் நிறைந்த இடங்கள். பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் சாமான் வாங்கப் போகிற தமிழர்கள் அடுத்த நிறுத்தமான ஸ்டாலின்கிராடில் 7ஆம் எண் மெட்ரோவுக்கு மாறினால் போர்ட் திவ்ரி போய் இறங்கலாம். அங்கே 13ஆம் வட்டாரத்தின் ஆசியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

இரண்டு பேருக்குச் சேர்த்து இறக்கலாம் என்று பெரிய ஃபில்டராக வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. அகலமான குவளையில் ஒருவருக்கான பொடியைப் போட்டால் அது மெல்லிய படலமாகப் பரவும், தண்ணீர் அதைத் துளைத்துக்கொண்டு ஓடிவிடும். 120 மில்லி பிடிக்கிற சிறியது இரண்டு வாங்குவதே மேல். வீட்டில் எந்தக் கிளாஸில் குடிப்பீர்களோ அதன் வாயை அளந்துகொண்டு போங்கள். அகன்ற மக்கின்மேல் சிறிய துளைத்தட்டு உட்காராது. சரிந்தால் கொதிநீர் கைமேல் கொட்டும்.

அமுக்குத்தட்டில் இரண்டு வகை உண்டு: தன் எடையிலேயே பொடிமேல் படிந்து நிற்பது, நடுவிலுள்ள மரையில் திருகுவது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் வகை போதும். கடையிலேயே தட்டைக் குவளைக்குள் போட்டுப் பாருங்கள். ஓரத்தில் பெரிய இடைவெளி இருந்தால் பொடி அதன் வழியாக மேலே மிதந்து வந்துவிடும். அலுமினியம் மலிவு, லேசு; ஆனால் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் அதன் சோப்பிலுள்ள காரத்தில் கறுத்துவிடும். இயந்திரம் இல்லாமல் முடியாது என்றால் எவர்சில்வரே வாங்குங்கள்.

பொடி

மிக அதிகமாக நடக்கும் தவறு இங்கேதான். ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபில்டர் காபிப் பொடி ஃபின்னுக்கு நைஸ். அதன் மாவு துளைகளை அடைக்கும், மிச்சம் கிளாஸின் அடியில் சேறாகத் தங்கும். எஸ்பிரெஸோவுக்கு அரைத்த பொடியும் அப்படித்தான். சர்க்கரையைவிடச் சற்றே கொரகொரப்பாக அரைத்தது வேண்டும். சிக்கரி கலந்தாலே ஆகாது என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் குடியேறிய வியட்நாமியர்கள் நியூ ஆர்லியன்ஸின் கஃபே டு மோண்ட் என்ற காபிக்கடையின் பொடி டின்னைத்தான் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். அது சிக்கரி கலந்தது, ஆனால் அரைப்பு நம்முடையதைவிடப் பருமன்.

லேசாக வறுத்த அராபிகா வகைக் காபியைப் போட்டுவிட்டு, சப்பென்று இருக்கிறதே என்று வருந்துவதில் பயனில்லை. புவோன் மா துவோட் வட்டாரத்தில் விளையும் ரோபஸ்டா வகைக் காபியைக் கறுக்க வறுத்து இறக்குவதுதான் வியட்நாமின் வழக்கம். அராபிகாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் அதில் உண்டு. அந்த அழுத்தம் இருந்தால்தான் காபியில் கலக்கும் கண்டென்ஸ்டு மில்க் என்ற இனிப்பான டின்பாலையும் மீறிக் காபி தெரியும். குடகு, வயநாட்டு ரோபஸ்டாவைச் சிக்கரி இல்லாமல், பருமனாக அரைத்து வாங்க முடிந்தால் அதுவும் நன்றாகவே இருக்கும். வியட்நாம் பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் படியுங்கள். சிலவற்றில் வறுக்கும்போதே வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள். பால் ஒவ்வாதவர்களுக்கு இது முக்கியம்.

இறக்கும்போது

புது ஃபில்டரில் உலோகத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கலாம். சோப்பு போட்டு வெந்நீரில் கழுவி, ஒருமுறை பழைய பொடியில் இறக்கிக் கொட்டிவிடுங்கள்.

சிறிய ஃபில்டருக்கு 15 கிராம் பொடி, மேசைக்கரண்டியில் தலைதட்டி மூன்று. முதலில் வெறும் ஃபில்டரில் வெந்நீர் விட்டுக் கொட்டுங்கள். குளிர்நாட்டுச் சமையலறையில் இதைத் தவறவிட்டால் மெல்லிய உலோகம் சூட்டை வாங்கிக்கொண்டுவிடும். பொடியைப் போட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிச் சமமாக்கி, அமுக்குத்தட்டை மேலே வையுங்கள். கட்டைவிரலால் அழுத்தக் கூடாது. கொதித்து அரை நிமிடம் ஆறிய தண்ணீரில் 25 மில்லி மட்டும் விட்டு, 30 முதல் 45 வினாடி காத்திருங்கள். பொடி நனைந்து உப்பும், உள்ளேயிருக்கும் காற்று வெளியேறும். பலரும் தவிர்த்துவிடுகிற படி இதுதான். காய்ந்த பொடியில் ஒரேயடியாக ஊற்றினால் தண்ணீர் ஏதோ ஒரு பக்கம் வழி கண்டுபிடித்து ஓடும். மற்ற பக்கத்துப் பொடி சாரம் இறங்காமல் வீணாகும். திருகு வகையை முதலிலேயே இறுக்கிவிட்டால் பொடிக்கு உப்ப இடமில்லாமல் சொட்டு நின்றுவிடும்.

பிறகு 80 மில்லி ஊற்றி மூடுங்கள். 15 கிராம் பொடி ஏறக்குறைய 30 மில்லியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், கிளாஸில் 75 மில்லிதான் விழும். குறைகிறதே என்று மறுபடி தண்ணீர் ஊற்றாதீர்கள். அதற்குமேல் வருவது கசப்பு மட்டுமே. சொட்டு மிக மெதுவாக இருந்தால் திருகைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், அல்லது அமுக்குத்தட்டைக் கரண்டியால் லேசாகத் தூக்கிவிடுங்கள். கிளறினால் மாவு அடியில் இறங்கி அடைப்பு அதிகமாகும். வேகமாக ஓடினால் அந்தக் கோப்பையை விட்டுவிட்டு, அடுத்த முறை 2 கிராம் பொடி கூட்டுங்கள், அல்லது ஒரு படி நைஸாக அரையுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

சூடாகக் குடிப்பதென்றால் கிளாஸை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி இறக்குங்கள். வியட்நாம் கடைகளில் அப்படித்தான் தருகிறார்கள்.

பால் விஷயத்தில் டின்னைப் பார்த்து வாங்க வேண்டும். இனிப்பில்லாத எவாப்பரேட்டட் மில்க்கும் அதே அலமாரியில்தான் இருக்கும், அது நீர்த்துப்போகும். சிங்கப்பூர், மலேசியாவில் பாமாயில் சேர்த்த மலிவு டின்களும் உண்டு. இனிப்பான டின்பால் இரண்டு மேசைக்கரண்டி கிளாஸில் முதலிலேயே விட்டு, காபி முழுவதும் இறங்கியபின் அடிவரை கலக்குங்கள். குளிர்ச்சியாகக் குடிப்பதென்றால் அதை வேறொரு கிளாஸ் நிறைய ஐஸ்கட்டிமேல் ஊற்றுங்கள். ஐஸ்மேலேயே நேராக இறக்கினால் ஐந்து நிமிடத்தில் பாதி உருகிவிடும்.

சக்கையைக் குப்பையில் தட்டுங்கள், சிங்கில் போட்டால் குழாய் அடைக்கும். லண்டன், பாரிஸ் போன்ற ஊர்களின் தண்ணீர் கடினநீர். நாளடைவில் துளைகளில் சுண்ணாம்பு படியும். எவர்சில்வர் என்றால் எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவிடலாம். அலுமினியத்தை அமிலம் அரிக்கும், அதைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ஊசி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அதன் பிறகு எந்தப் பொடி போட்டாலும் வேகமாக ஒழுகும்.