தடைக்காலச் செலவில் விமான மைல்

கார்டில் செலவழித்துக் கிடைக்கும் புள்ளியை விமான நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றினால் அது மைல்; அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். இப்படி கிரெடிட் கார்டு வாங்கி விமான மைல் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. புதுக் கார்டு எடுத்து 30, 60 அல்லது 90 நாளுக்குள் இவ்வளவு செலவு செய்தால் இத்தனை போனஸ் புள்ளி என்று வங்கி சொல்லும். எப்படியும் செய்தாக வேண்டிய பெரிய செலவு நம் வீட்டில் எந்த மாதம் வருகிறதோ, அதற்குச் சற்று முன்னால் விண்ணப்பியுங்கள். மைலுக்காகப் புதிதாக ஒரு செலவை இழுத்துவிட்டுக்கொள்ளவே கூடாது.

மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கும் எங்கள் வீட்டுக்கு அது ஏப்ரல். 15ஆம் தேதியிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் அப்போதுதான். படகின் வரவு செலவை எழுதுவதும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதும் நான் என்பதால் கார்டும் என் பெயரில். மார்ச் கடைசியில் விண்ணப்பித்தால் சரியாக இருக்கும். பல வங்கிகளில் நாள் கணக்கு கார்டு அனுமதியான அன்றே தொடங்கிவிடும்; கூரியர் வந்த நாளிலிருந்து அல்ல.

எல்லாச் செலவும் கணக்கில் சேராது. எங்களுக்குப் பெரிய செலவே டீசல்தான், ஆனால் பெரும்பாலான கார்டுகள் எரிபொருளுக்குப் புள்ளி தருவதில்லை. வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, இஎம்ஐ இவையும் அநேகமாக அப்படித்தான். ஆசாரிக்குக் கூலி ரொக்கம். அதற்காகக் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தால் கட்டணத்தோடு அன்றிலிருந்தே வட்டி ஓடும். மிச்சம் எஞ்சின் சாமான், பெயிண்ட், வலை, கயிறு. ராமநாதபுரத்துக் கடைகளில் கேட்டுவிட்டே தேய்ப்பேன்.

"அண்ணே, கார்டு எடுப்பீங்களா?"

"எடுக்கலாம் தங்கச்சி, ரெண்டு பர்சன்ட் கூட ஆகும்."

ஒரு லட்சத்துக்கு அது 2,000 ரூபாய். அந்தக் கடையில் வேண்டாம்.

இதைவிட முக்கியம், பில் வரும் நேரத்தில் படகு கரையில்தான் நிற்கும், வரும்படி இருக்காது. அதனால் பழுதுபார்க்கும் பணத்தை முன்னமே வங்கியில் ஒதுக்கி வைத்து, ஆட்டோ டெபிட்டில் ‘முழுத் தொகை’ என்று குறித்துவிடுங்கள். மினிமம் டியூ, அதாவது பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், மாதம் 3.5 சதவீதத்துக்கு மேலேகூட வட்டி போகலாம். கையில் பணம் இல்லாதவர்கள் தயவுசெய்து இதில் இறங்க வேண்டாம்.

கட்டணத்தையும் கணக்குப் போடுங்கள். சேர்க்கைக் கட்டணம் 5,000 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 5,900. ஒரு டிக்கெட் ரொக்கத்தில் 18,000 ரூபாய், மைலில் எடுத்தால் 20,000 மைலும் 6,000 ரூபாய் வரியும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது 12,000, அதாவது ஒரு மைல் 60 காசு. போனஸ் 10,000 மைல்தான் என்றால் 6,000 ரூபாய்க்குச் சமம். கொடுத்த பணம் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

என் தம்பி சிங்கப்பூரில் இருப்பதால் எனக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் உதவும். அது மூன்று வருடத்தில் காலாவதியாகும். துபாயில் உறவு இருப்பவர்கள் எமிரேட்ஸ் மைல் சேர்க்குமுன் யோசியுங்கள். அந்த விமானம் மதுரைக்கும் திருச்சிக்கும் வருவதில்லை, தமிழ்நாட்டில் சென்னையில்தான் ஏற முடியும். எதுவானாலும் கார்டுப் புள்ளியை விமான நிறுவனத்துக்கு மாற்றினால் திரும்ப எடுக்க முடியாது. போகிற தேதியில் மைல் சீட் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மாற்றுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் இடறுவது இனிஷியலில். ஆதாரில் ‘மு’ என்ற ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் அப்பாவின் முழுப்பெயர். மைல் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து தொடங்கி, கார்டுக்கும் அதே பெயரையே கொடுங்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால் புள்ளி மாறாமல் நின்றுவிடலாம்.

ஒரே மாதத்தில் நாலு வங்கிக்கு விண்ணப்பிக்காதீர்கள், நம் கடன் நாணயத்தைக் காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கும். அடுத்த வருடக் கட்டணம் விழுவதற்கு முன் கார்டு வேண்டுமா என்று முடிவெடுங்கள். பாக்கி இல்லாமல் மூடச் சொல்லிவிட்டால், ரிசர்வ் வங்கி விதிப்படி 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.