ஃபர்மானாவின் ஏரிகளும் நீர்வழிகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஃபர்மானா கவுண்டியை (மாவட்டம் போன்ற நிலப்பிரிவை) பற்றி எழுதுவோரும், அங்கே படகில் சென்றுவர விரும்புவோரும் செய்கிற பிழைகளில் பெரும்பாலானவை, நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பார்க்காமல் நிலப்படத்தை மட்டும் பார்ப்பதால் வருபவை.

எர்ன் ஏரி என்பது உண்மையில் இரண்டு ஏரிகள். படத்தில் மேலே, வடக்கில் இருப்பதன் பெயர் கீழ் எர்ன். தெற்கில் இருப்பதன் பெயர் மேல் எர்ன். தெற்கே கேவன் கவுண்டியில் பிறக்கும் எர்ன் ஆறு வடமேற்காக ஓடி, முதலில் மேல் எர்னை நிரப்பி, தீவின் மீது அமைந்த எனிஸ்கிலன் நகரைச் சூழ்ந்து கடந்து, கீழ் எர்னில் விரிந்து, பெலீக், பாலிஷானன் வழியாக அட்லாண்டிக்கில் கலக்கிறது. இந்தப் பெயர்களைத் திசைப் பெயர்களாக எடுத்துக்கொள்பவர் வெள்ளத்தைப் பற்றி எழுதும்போது எல்லாவற்றையும் தலைகீழாக எழுதிவிடுவார்.

கவுண்டியில் மூன்றில் ஒரு பங்கு நீர்தான் என்ற கூற்றையும் கணக்குப் பார்க்காமல் எடுத்தாளக் கூடாது. மொத்தப் பரப்பு சுமார் 1,850 சதுர கிலோமீட்டர். இரண்டு எர்ன் ஏரிகளும் சேர்ந்து ஏறத்தாழ 145 சதுர கிலோமீட்டர்தான். மற்ற ஏரிகளைச் சேர்த்தாலும் மூன்றில் ஒரு பங்கை நெருங்க முடியாது.

உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய தவறு, இரண்டு ஏரிகளும் ஒரே தன்மையுடையவை என்று நம்புவது. மேல் எர்ன் ஆழம் குறைந்தது. பனியுகம் விட்டுச்சென்ற களிமண் குன்றுகள் பாதி மூழ்கித் தீவுகளாக நிற்க, அவற்றுக்கிடையே வழிகள் பின்னிக்கிடக்கின்றன. அங்கே வழி தவறலாம், ஆனால் நீர் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். கீழ் எர்னோ சுமார் 110 சதுர கிலோமீட்டர் பரப்பும், ஓரிடத்தில் 69 மீட்டர் வரை ஆழமும் உடையது; மேற்குக் காற்று வலுக்கும்போது அதன் அகன்ற பகுதியில் கடலைப் போல அலை எழும். மேல் எர்னில் இரண்டு நாள் சுற்றிய தைரியத்தோடு, காற்று நிலவரம் கேட்காமல் சிறு படகில் அதைக் கடக்க முயலவே கூடாது. வழிகாட்டும் குறிகளிலும் கவனம் தேவை: எர்ன் ஏரிகளில் பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமான வட்டப் பலகையில் வெள்ளைப் பக்கமே பாதுகாப்பானது. ஷானன் ஆற்றின் குறிகள் வேறு முறையைச் சேர்ந்தவை. அங்கிருந்து வருவோர் பழக்க தோஷத்தால் ஏமாந்துவிடக் கூடாது.

ஏரியின் நீர்மட்டம் இயற்கையாகவே அமைவது என்று கருதுவதும் பிழை. 1950இல் டப்ளினில் இருந்த அயர்லாந்துக் குடியரசின் அரசும் பெல்ஃபாஸ்டில் இருந்த வட அயர்லாந்து அரசும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, எல்லைக்கு அப்பால் குடியரசில் பாலிஷானன் அருகே உள்ள நீர்மின் நிலையங்களும் எனிஸ்கிலன் அருகே போர்டோராவில் உள்ள மதகுகளும் சேர்ந்துதான் மட்டத்தை ஒழுங்குபடுத்துகின்றன. ஆனால் 2009 நவம்பர் வெள்ளத்தைப் போன்ற நாள்களில் எல்லாப் பழியையும் மதகுகள் மீது போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இரு ஏரிகளுக்கும் இடையே உள்ள வழி குறுகலானது. ஆகவே கீழே எவ்வளவு திறந்துவிட்டாலும் மேல் எர்னின் நீர் மெதுவாகத்தான் வடியும்.

ஷானன் ஆற்றை எர்னோடு இணைக்கும் ஷானன்–எர்ன் நீர்வழியை 1994இல் புதிதாக வெட்டிய கால்வாய் என்று எழுதுவோரும் உண்டு. அது 1860இல் திறக்கப்பட்டு, படகுகள் வராமல் பத்தாண்டுகளுக்குள் கைவிடப்பட்டு, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பாழடைந்து கிடந்து, பின்னர் 1994இல்தான் மீட்டெடுக்கப்பட்டது. 63 கிலோமீட்டர் நீளத்தில் படகுகளை ஏற்றி இறக்கும் 16 மதகுப் பூட்டுகள் கொண்ட அந்த வழியின் பெரும்பகுதி ஃபர்மானாவில் இல்லை. லீட்ரிம், கேவன் கவுண்டிகளில், அதாவது அயர்லாந்துக் குடியரசில் இருக்கிறது. அப்படி எல்லையைக் கடக்கும் நீர்வழிகளைப் பராமரிக்க 1998ஆம் ஆண்டின் வட அயர்லாந்து அமைதி ஒப்பந்தத்தின் வழியே இரு பக்கத்துக்கும் பொதுவாக அமைக்கப்பட்ட நிறுவனத்தின் தலைமையகம் எனிஸ்கிலனில்தான் உள்ளது.