பெரிய டயர் போட்டு மைலேஜைத் தொலைக்கும் கதை

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தடி ஏற்றும் என் மச்சான், பிக்கப்புக்கு 215/75 R15 அளவு டயரைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய 235/75 R15 போட்டார். கெத்தாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்து, "டயர் மாத்துனதுல இருந்து மைலேஜ் போச்சு மக்கா" என்று வந்து நின்றார். முன்பு லிட்டருக்கு 12.3 கிடைத்ததாம். இப்போது 40 லிட்டருக்கு மீட்டரில் 460 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதாவது 11.5.

முதல் தவறு இந்தக் கணக்கில்தான். பழைய டயரின் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர், புதியது 733. நாலு சதவீதத்துக்கு மேல் பெரிது. ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துப் பழைய அளவிலேயே தூரம் காட்டும். 460 என்று காட்டினால் உண்மையில் ஓடியது 480 கிலோமீட்டர். அப்படியானால் மைலேஜ் 12. நம்பவில்லை மச்சான். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, முற்றத்தில் வண்டியை 10 சுற்று உருட்டி டேப் பிடித்தோம். பழைய அளவிலேயே இருந்த ஸ்டெப்னியை மாட்டியும் அதேபோல அளந்தோம். முக்கால் மீட்டருக்கு மேலேயே வித்தியாசம் வந்தது. வேகமும் இப்படித்தான், முள் 60 காட்டும்போது வண்டி 62-ஐத் தாண்டியிருக்கும்.

சரி, மிச்சம் 0.3 எங்கே போனது? அதையும் உடனே டயர் தலையில் கட்ட வேண்டாம். அவர் டயர் மாற்றியது ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்குக் காற்று அறையும் நேரம். காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் நோக்கி லோடோடு வரும் வண்டி அந்தக் காற்றை முட்டித் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். பங்குனி மாத மைலேஜோடு ஆடி மாத மைலேஜை ஒப்பிட்டால் எந்த டயரும் தோற்றுவிடும். கூடவே, அவர் நீளவாட்டில் கோடு ஓடும் ரிப் டயரிலிருந்து, குறுக்கே தடித்த கட்டைகள் உள்ள லக் டயருக்கும் மாறியிருந்தார். லக் டயர் உருளக் கொஞ்சம் கூடுதல் டீசல் கேட்கும். டயரில் காற்றும் குறைவாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

உண்மையான நஷ்டம் ஏற்றத்தில்தான். டயரைப் பெரிதாக்குவது, பின் ஆக்ஸிலில் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனையே நாலு சதவீதம் மாற்றியதற்குச் சமம். எல்லா கியரும் கொஞ்சம் நீண்டுவிடும், புல்லிங், அதாவது இழுவை, குறையும். வெற்று வண்டியில் தெரியாது. பேச்சிப்பாறை ரோட்டில் தடி ஏற்றிக்கொண்டு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டை இப்போது இரண்டில் ஏற வேண்டும். பலரும் மாற்றுவதில்லை. மூன்றிலேயே வைத்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள். எஞ்சின் திணறும், புகை கக்கும். பிஎஸ்6 வண்டி என்றால் அந்தக் கரி, புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் சேரும்; அதை எரிக்க வண்டி தனியாக டீசல் குடிக்கும். கிளட்சைப் பாதி மிதித்து ஏற்றுவது அதைவிட மோசம், பிளேட் கருகும் வாசனை ஊருக்கே தெரியும்.

பெரிய டயர் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் மதுரை வரை ஓடுபவருக்கு ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று) சற்று இறங்கும், லாபம் வரலாம். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நின்று நின்று போகிறவருக்கு வராது. ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் அந்தக் கனமான சக்கரத்தைப் புதிதாகச் சுழற்ற வேண்டும்.

பிரேக்கை யாருமே நினைப்பதில்லை. டிரம் அதேதான், சக்கரம் மட்டும் பெரிது. அதே மிதிக்குப் பிடிப்பு குறைவு. 'டயர் பெரிசு, லோடு கூட ஏத்தலாம்' என்பது இன்னொரு நம்பிக்கை. ஆக்ஸிலும் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் மாறாதபோது பாசிங் வெயிட், அதாவது வண்டிக்கு அனுமதித்த எடை, எப்படிக் கூடும்? கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது, எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும் முன் அதையும் யோசிக்க வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள லாரிகளில் பெரிய டயர்கள் லோடில் பிதுங்கி ஒன்றோடொன்று உரசினால் சூடாகி வெடிக்கும்.

அப்புறம் அந்த ஸ்டெப்னி. மச்சான் நாலு டயர்தான் வாங்கினார். ஒரு ராத்திரி திங்கள்சந்தை தாண்டிப் பின்சக்கரம் பஞ்சர். சின்ன ஸ்டெப்னியை மாட்டினார். ஒரு பக்கம் பெரியது, ஒரு பக்கம் சின்னது. நேர்ரோட்டிலும், இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடும் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். அப்படியே வேகமாக ஓட்ட வேண்டாம் என்று போனிலேயே சொன்னேன். 30-ஐத் தாண்டாமல் உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. மறுநாள் ஐந்தாவது டயர் வாங்கினார். அது அடியில் இருக்கும் ஸ்டெப்னி தொட்டியில் நுழையவில்லை. இப்போது தடியோடு தடியாக மேலேதான் கிடக்கிறது.