ஜெனீவா ஓட்டெடுப்புப் பட்டியலைப் படிப்பது எப்படி?

எங்கள் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை ஒன்று உண்டு. 2022 அக்டோபர் 6, 7 தேதிகளில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் நடந்த மூன்று ஓட்டெடுப்புகளின் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு வரச் சொல்வேன். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கேட்டது என்ன என்று பாருங்கள். தலைப்பை நம்ப வேண்டாம், தீர்மான வரைவைப் படியுங்கள். 6ஆம் தேதி அமெரிக்காவும் கூட்டாளிகளும் கொண்டுவந்த வரைவு சீனாவைக் கண்டிக்கவே இல்லை. சீனாவில் உய்குர் முஸ்லிம்கள் வாழும் ஷின்ஜியாங் பகுதியின் மனித உரிமை நிலை பற்றிய ஐ.நா. அறிக்கை ஆகஸ்ட் 31 இரவு வெளியாகியிருந்தது. அதைப் பற்றி அடுத்த கூட்டத்தொடரில் ஒரு விவாதம் வைக்கலாம் என்றுதான் கேட்டது. அதுவே தோற்றது: ஆதரவு 17, எதிர்ப்பு 19.

அப்புறம் நேராக நடுநிலைக் கட்டத்துக்குப் போங்கள். பலர் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் இடம் அது. ஆனால் விளையாட்டெல்லாம் அங்கேதான் நடக்கிறது. மொத்தம் 47 உறுப்பினர்கள்; நடுநிலை கணக்கில் சேராது, ஆதரவு எதிர்ப்பை விட ஒன்று கூடினால் போதும். அன்று ஒதுங்கி நின்றவை 11. இந்தியா, பிரேசில், மெக்சிகோ, மலேசியா, ஏன், உக்ரைன்கூட அதில் இருந்தது. அவர்களில் மூன்று பேர் கை தூக்கியிருந்தால் விவாதம் நடந்திருக்கும்.

மறுநாள் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். ரஷ்யாவின் மனித உரிமை நிலையைக் கவனிக்கச் சிறப்பு அறிக்கையாளர் ஒருவரை நியமிக்கும் தீர்மானம். ஆதரவு அதே 17தான், ஆனால் நிறைவேறியது! எதிர்ப்பு 6, நடுநிலை 24. ரஷ்யா என்றால் ஒதுங்கிக்கொள்ளும் பல நாடுகள், சீனா என்றால் எதிர்த்தே ஓட்டுப் போட்டன. கடன், துறைமுகம், வர்த்தகம் என்று காரணம் தேடலாம். பட்டியல் அதைச் சொல்லாது, நீங்கள்தான் நாடு நாடாக விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, 6ஆம் தேதியே நிறைவேறிய இலங்கைத் தீர்மானம்: 20-7, நடுநிலை 20. இந்தியா இதிலும் ஒதுங்கியது. ஷின்ஜியாங் விஷயத்தில், தனி ஒரு நாட்டைக் குறிவைக்கும் தீர்மானங்களால் பயனில்லை என்பதே தன் நெடுநாள் நிலைப்பாடு என்று டெல்லி விளக்கம் சொன்னது. சரி, அப்படியானால் 2012, 2013 பட்டியல்களையும் எடுங்கள். இரண்டு முறையும் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2013இல் ஓட்டெடுப்புக்கு இரண்டு நாள் முன்புதான் இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காகத் தி.மு.க. மத்திய கூட்டணியை விட்டு வெளியேறியது. 2014இல் மறுபடி நடுநிலை. நெடுநாள் நிலைப்பாட்டுக்கு உள்ளூர்க் கூட்டணிக் கணக்கும் தெரியும் போல.

கடைசியாகப் பேச்சுகள். ஓட்டுக்கு முந்தைய விளக்கங்களை ஐ.நா.வின் வெப் டிவியில் கேட்கலாம். மனித உரிமையை அரசியல் ஆயுதமாக்குகிறார்கள் என்ற பொருளில் “அரசியலாக்கம்” என்ற சொல் வந்தால், சொன்ன நாட்டின் பெயரைக் குறித்துக்கொண்டு, நிகழ்ச்சிநிரலின் 7ஆம் அம்சத்துக்குப் போங்கள். பாலஸ்தீனத்துக்கும், இஸ்ரேல் ஆக்கிரமித்த பிற அரபுப் பகுதிகளுக்கும் என்றே ஒதுக்கிய நிரந்தர அம்சம் அது. சீனா விஷயத்தில் அரசியலாக்கம் என்று குறைகூறும் பாகிஸ்தானுக்கு அங்கே அந்தக் குறை தெரிவதில்லை. அங்கே அதையே சொல்லிவந்தது அமெரிக்கா. 2018இல் கவுன்சிலை விட்டே வெளியேறியபோதும் அது சொன்ன காரணங்களில் ஒன்று இஸ்ரேல்மீதான பாரபட்சம். இரண்டு பேச்சையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுச் செய்தி எழுத உட்காருங்கள்.