முதல் இன்டர்வியூ: எந்தக் கேள்விக்கு எப்படித் தயாராவது?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் ஐடிஐயோ டிகிரியோ முடித்துவிட்டு முதல்முறை இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கான செய்முறை இது. தினம் அரை மணி நேரம், ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

படி 1: ரெஸ்யூமை எதிரே வைத்து, ஒவ்வொரு வரிக்கும் நீங்களே ஒரு கேள்வி எழுதுங்கள். ஃபிட்டர் முடித்தவர் ‘வெர்னியர் காலிப்பர் தெரியும்’ என்று போட்டிருந்தால், ‘லீஸ்ட் கவுன்ட் (அதில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு) எவ்வளவு?’ என்று கேட்பார்கள். பட்டறையில் பரவலாக இருப்பதில் 0.02 மி.மீ.; சாதாரண மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. ‘டேலி’ (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) என்று எழுதிய பி.காம்.காரரிடம், வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பினால் என்ன நோட் போடுவீர்கள் என்பார்கள். டெபிட் நோட். பதில் வராத வரி எதுவானாலும் அடித்துவிடுங்கள். பிரவுசிங் சென்டரில் நண்பனின் ரெஸ்யூமில் பெயரை மட்டும் மாற்றி எடுத்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

படி 2: ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க.’ அப்பா பெயர், ஊர், பொழுதுபோக்கு என்று ஆரம்பிக்காதீர்கள். என்ன படித்தீர்கள், கையால் என்ன வேலை செய்து பார்த்தீர்கள், இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள், எப்போது சேர முடியும்: இந்த நான்கும் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். மனப்பாடம் வேண்டாம், ஒரு சொல் நழுவினால் மொத்தமும் நின்றுவிடும். சீட்டில் நான்கு சொல் மட்டும் எழுதி, போனில் பதிவு செய்து கேளுங்கள். கொஞ்சம் நீண்டால் பரவாயில்லை, 90 விநாடியைத் தாண்டினால் வெட்டுங்கள்.

படி 3: ‘எங்கிருந்து வர்றீங்க?’ வடசென்னைப் பிள்ளைகள் பலர் இந்தக் கேள்விக்குக் கூசிப் போய், ‘சென்ட்ரல் பக்கம்’ என்று மழுப்புகிறார்கள். தேவையே இல்லை. கேட்பவருக்கு வேண்டியது, ஷிஃப்டுக்கு நேரத்தில் வந்து சேர்வீர்களா என்பது. ‘தண்டையார்பேட்டை சார். கிண்டிக்கு மெட்ரோ நேரா வருது, மாற வேண்டியதில்ல’ என்று வழியோடு சொல்லுங்கள். நடுராத்திரி ஷிஃப்ட் என்றால் அந்த நேரத்தில் மெட்ரோ ஓடாது. பைக்கா, கம்பெனி பஸ்ஸா என்பதையும் யோசித்து வையுங்கள். இதற்காகவே முந்தின நாள், அதே நேரத்தில் ஒருமுறை போய்வந்து நிமிடக் கணக்கைக் குறித்துக்கொள்வது நல்லது.

படி 4: ‘எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீங்க?’ ‘நீங்க பார்த்துக் கொடுங்க’ என்று சொன்னால் குறைந்த தொகையில்தான் முடியும். கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். மாத மொத்தச் சம்பளம் 18,000, அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 10,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பேசிக்கில் 12 சதவீதம், 1,200 ரூபாய். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 135 ரூபாய். இந்த இரண்டும் போகக் கைக்கு வருவது 16,665. கம்பெனி தன் பங்கான பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 585 இரண்டையும் கூட்டி 19,785 என்று சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) சொல்லலாம். ஆகவே தொகையைச் சொன்னதும், ‘கைக்கு எவ்வளவு சார் வரும்?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பலவீனம் கேட்டால் உண்மையான ஒன்றையும், அதைச் சரிசெய்ய இப்போது செய்வதையும் சொல்லுங்கள். படிப்பில் இடைவெளி இருந்தால் காரணம் ஒரே வரி. அந்த இடைவெளியில் மீன் ஏலக் கணக்கு எழுதியிருந்தாலும் அது அனுபவம்தான், சொல்லுங்கள். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம், மார்க் ஷீட்டில் தெரிந்துவிடும்.

முந்தின இரவே ஒரிஜினல் சான்றிதழ்கள், இரண்டு செட் ஜெராக்ஸ், ஆதார், பான், நான்கு போட்டோ, பேனா எல்லாம் ஒரே ஃபைலில் போகட்டும். வேலைக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

மணலி, எண்ணூர் பக்கம் இன்டர்வியூ என்றால் கன்டெய்னர் லாரி வரிசையை மனதில் வைத்து, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். அப்படியும் மாட்டிக்கொண்டால், குறித்த நேரத்துக்கு முன்பே போன் செய்து எங்கே நிற்கிறீர்கள், இன்னும் எத்தனை நிமிடம் ஆகும் என்று சொல்லிவிடுங்கள்.